விளிம்புவரை ஊற்றிய கோப்பை

அதிபரின் இடது கால் சனோபருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்கால் மேட்டில் ஒரு புண். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு வருவது. சுற்றிலும் தோல் தடித்து நடுவில் ஆறாமல் கிடக்கும். அவர் பருத்திப் பண்ணைத் தலைவராக இருந்த காலத்தில் ரப்பர் பூட்ஸ் உரசித் தொடங்கியது அது. அப்போது சனோபர் மாவட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ். டாக்டரிடம் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, "இந்தக் காலோட வயல்ல இறங்குனீங்கன்னா அடுத்த பருவத்துக்கு ஒத்தக் காலோடதான் இறங்குவீங்க, ரைஸ்" என்று சொன்னவள் அவள்தான். பண்ணைத் தலைவரை ரைஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிறகு போர் வந்தது. பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் ஒத்துக்கொள்ளாமல், கடைசியில் யாருக்கும் பெரிய விரோதியாக இல்லாத பண்ணைத் தலைவர் இஸத்துல்லாவைப் பிடித்து அதிபர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஊரிலிருந்து தலைநகருக்குக் கிளம்பும்போது அவர் தன்னோடு கொண்டுவந்தது சொந்தச் சமையல்காரரையும் அப்பாவின் கம்பளத்தையும் சனோபரையும். மற்ற எல்லோருக்கும் அவர் அதிபர். அவளுக்கு மட்டும் ரைஸ். அவர் அவளை அக்கா என்றார்.

சனோபருக்குப் பிள்ளைகள் இல்லை. லாரி ஓட்டிய கணவன் மலைக் கணவாயில் பனிச்சரிவில் போய்விட்டான். அதைப் பற்றி யாராவது பரிதாபமாகப் பேச ஆரம்பித்தால், "லாரியையாவது மீட்டாங்க" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாள். அவளுக்கு இருந்தது காலை நேரம் ஒன்றுதான்.

காலையில் அவள் வெந்நீரைத் தொட்டியில் ஊற்றி முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பாள். அவருக்கு அந்தப் பாதத்தில் உணர்ச்சி இல்லை. கொதிநீரில் வைத்தாலும் சும்மா இருப்பார். பிறகு பொட்டாசியம் பர்மாங்கனேட் கொஞ்சம் போடுவாள். நீர் இளஞ்சிவப்பாகும். அவர் காலை உள்ளே வைப்பார். வெளியே ஜெனரல்களும் அமைச்சர்களும் சோபாவில் காத்துக் கிடப்பார்கள். கதவு மூடியிருக்கும். அதிபருக்குக் கால் புண் என்பது வெளியே கசியக் கூடாத செய்தி. போர்க்காலத்தில் காலூன்றி நிற்க முடியாத தலைவன் என்று எதிர்த்தரப்பு வானொலி பாட்டே கட்டிவிடும். அந்த மூடிய கதவுக்குள் இருந்தது அவளும் அவரும் தொட்டியும்தான்.

அங்கேதான் அவர் கேட்பார்: "அக்கா, ரொட்டி வரிசையில என்ன பேசிக்கிறாங்க?"

இந்தக் கேள்விக்காகவே அவள் தினமும் ரொட்டிக் கடை வரிசையில் போய் நிற்பாள். அதிபர் வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. ஆனாலும் குளிரில், துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக்கொண்டு நிற்பாள். வரிசைப் பெண்களுக்கு அவள் ஏதோ ஆஸ்பத்திரி நர்ஸ், அவ்வளவுதான். அவர்கள் சொன்னதை எல்லாம் கொண்டுவந்து, புண்ணின் செத்த தோலைக் கத்தரித்துக்கொண்டே சொல்வாள். மாவு விலை, மின்சாரம் இல்லாதது, எந்த ஜெனரலின் மைத்துனன் டீசலை விற்கிறான் என்பது, எல்லாம். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்பார். அன்று மாலையே டீசல் மைத்துனனுக்கு வேலை போயிருக்கும். சனோபர் சமையலறையில் கஞ்சி குடித்துக்கொண்டே அதை வானொலியில் கேட்பாள். முகத்தில் எதுவும் காட்டமாட்டாள்.

இது இப்படியே இருந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பனி விழத் தொடங்கிய சமயத்தில் ஃபரீதுன் வந்தான்.

பேராசிரியர் வீட்டுப் பையன். வெளிநாட்டில் படித்தவன். முப்பது வயதைத் தொட்டிருப்பான். சமாதானப் பேச்சுக்கு ஆலோசகன் என்று அவனை நியமித்திருந்தார்கள். அதிபரிடம் ரகசியமாகப் பேச வேண்டும் என்றால் காலை நேரம்தான் தோது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். அவள் பஞ்சுத் தட்டு வைக்கும் முக்காலியிலிருந்து தட்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அந்த முக்காலியிலேயே உட்கார்ந்தான்.

"ஒரு நிமிஷம்மா" என்றான் அவளிடம்.

அவள் அவனுக்கு அம்மா ஆகும் வயதில் இல்லை. ஆகியிருக்கலாம், ஆனால் மிகச் சின்ன வயதில் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அவள் அவனை ஆலோசகரே என்றுதான் கூப்பிட்டாள். அந்த மரியாதையில் எவ்வளவு உப்பு போட முடியுமோ அவ்வளவும் போட்டாள்.

அவன் பேசியது தப்பான பேச்சு அல்ல. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். குனிந்து புண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். எதிர்த்தரப்பு அரசாங்கப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு கேட்கிறது. அதைக் கடைசியில் பேசலாம். முதலில் கைதிகளை மாற்றிக்கொள்வோம். பிள்ளை உயிரோடு வந்து வாசலில் நிற்பதைத் தாய்மார்கள் பார்க்கட்டும். பிறகு நீங்கள் கை குலுக்கினால் ஊர் பொறுத்துக்கொள்ளும். முதலிலேயே கை குலுக்கினால் காறித் துப்பும்.

"கைதியா இல்லாம செத்தே போனவனோட அம்மா?" என்று கேட்டார் அதிபர். "அவ வாசல்ல யாரு வந்து நிப்பா? நான் எதிராளி கையைப் பிடிக்கிறத டெலிவிஷன்ல பாத்தா, அவ என்னை என்ன சொல்லுவா?"

"திட்டுவாங்க, ஐயா. ஆனா சண்டை தொடரணும்னு சொல்லமாட்டாங்க. எங்க பசங்க சந்தையில, பஸ் ஸ்டாண்டுல, மசூதி வாசல்ல எல்லாம் கேட்டுட்டு வந்திருக்காங்க. பாதிக்கு மேல ஒரே பதில்தான். யாரு ஜெயிச்சாலும் சரி, முடிச்சுத் தொலைங்கங்கிறாங்க."

அவனுக்குப் பசங்க இருந்தார்கள். பல்கலைக்கழகப் பசங்க. பாடம் நடக்காத காலம், அவர்களுக்கும் வேலை வேண்டும். ஊரெல்லாம் அனுப்பிக் கேட்டுவரச் சொல்லி, பாதி, கால் என்று கணக்காகச் சொன்னான். அதே பதிலைச் சனோபரும் அந்த வாரம் வரிசையில் கேட்டிருந்தாள். நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அவர் கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. ஃபரீதுன் ஏதோ சொல்லி அதிபர் சிரித்தார். வயிறு குலுங்கத் தொட்டித் தண்ணீர் தளும்பும் சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அவளால் அவரிடமிருந்து அந்தச் சிரிப்பை வரவைக்க முடிந்ததில்லை.

அதன்பின் அவள் கண் அவன்மீதே இருந்தது. அவன் பூசும் சென்ட், தலைவாரும் விதம், பேசும்போது பேனாவால் முழங்காலில் தட்டும் பழக்கம், சுத்தமான நகங்கள் எதையும் அவள் விடவில்லை. இவன் வாழ்நாளில் ஒரு கிழவனுக்கு மலப்பாத்திரம் வைத்திருப்பானா என்று நினைத்துக்கொள்வாள். அவன் வருவதற்குள் முக்காலியில் பாட்டில்களை அடுக்கிவைப்பாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்காருவான். கோபப்படமாட்டான். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் அவளுக்கு ஒரு ஆயுதம் கிடைத்தது, தேநீர். தொட்டி நேரத்தில் வேலைக்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்பதால் தேநீரும் அவள் பொறுப்புதான். விருந்தாளிக்குக் கோப்பையில் பாதிக்குக் குறைவாகத்தான் ஊற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தால், இன்னும் இரு, உன் பேச்சு இனிக்கிறது என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டு எழுந்து போ. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டிலும் சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

சனோபர் ஃபரீதுனுக்கு விளிம்புவரை ஊற்றினாள். ஒரு சொட்டு கூட்டினாலும் வழியும், அப்படி. அவன் வாங்கினான், நன்றி சொன்னான், சூட்டோடு முழுக்கக் குடித்தான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான். மறுநாளும் அப்படியே ஊற்றினாள். மறுநாளும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அதிபர் கவனிக்கவில்லை. அவர் ஆண்பிள்ளை, கோப்பை கைக்கு வந்தால் போதும். வெளிநாடு போய் நம் பழக்கமெல்லாம் மறந்துபோன ஜென்மம் என்று சனோபர் முடிவு கட்டினாள். ஆனாலும் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அவன் எழுந்து போகாவிட்டாலும் தினமும் ஒருமுறை அவனைப் போகச் சொல்வது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஹஸ்ரத் வந்த நாளும் அப்படித்தான் விடிந்தது.

சைஃபிதீன் ஹஸ்ரத் எதிர்த்தரப்பின் தூதர். வயதானவர், மதப் பெரியவர், பேச்சைவிட மௌனம் அதிகம். பேச்சுவார்த்தையைக் கண்காணிக்க வந்த வெளிநாட்டுப் பார்வையாளர்கள் தங்கியிருந்த வீட்டில் அவரை ரகசியமாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அதிபரைத் தனியாகச் சந்தித்து முதல் வார்த்தை பேச வேண்டும். ஜெனரல்களுக்குத் தெரியக் கூடாது. ஃபரீதுன் அதைப் பதினொரு மணிக்கு என்று ஏற்பாடு செய்திருந்தான். ஆனால் ஹஸ்ரத் பழைய ஆள். சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டார். காய்கறித் தோட்டத்து வாசல் வழியாகக் காவலன் அவரை உள்ளே கூட்டிவந்தபோது அதிபரின் கால் தொட்டியில் இருந்தது.

அதிபர் பதறிப்போய் மேலங்கியை முழங்கால்மீது விரித்துத் தொட்டியை மூடினார். உட்கார்ந்தபடியே நெஞ்சில் கைவைத்து வரவேற்றார். ஹஸ்ரத் ஒரு கணம் அவரைப் பார்த்தார். வீட்டுக்காரன் எழுந்திருக்கவில்லை. அவர் கம்பளத்தில் உட்கார்ந்தார். நலம் விசாரிப்பு ஓடியது. ஃபரீதுன் கைதிகளைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தான். சனோபர் ஓரத்தில் தேநீர்ச் சாமான்களோடு உட்கார்ந்திருந்தாள்.

முதல் கோப்பையை வழக்கமாக அவள் ஃபரீதுனுக்குத்தான் நீட்டுவாள். அவன்தான் அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தான். வழக்கம்போல விளிம்புவரை ஊற்றினாள். இன்றைக்காவது உறைக்கட்டும், இவ்வளவு பெரிய மனிதர் முன்னால் வெட்கமாவது வரட்டும் என்று நினைத்து ஊற்றினாள். அவன் பேசிக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கினான். பெரியவர் இருக்கும்போது சின்னவன் முதல் கோப்பையைக் கையில் வைத்திருக்க மாட்டான் அல்லவா. கோப்பையைப் பார்க்காமலேயே திரும்பி, தலையைக் குனிந்து அதை ஹஸ்ரத்திடம் நீட்டினான்.

சனோபர் கையை நீட்டினாள். எட்டவில்லை. எட்டியிருந்தாலும் விருந்தாளி கையிலிருந்து கோப்பையைப் பிடுங்குவது எப்படி?

ஹஸ்ரத் கோப்பைக்குள் பார்த்தார். தாடி ஆடவில்லை. நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் முகத்தில் தடவி ஆமீன் சொன்னார்.

"உங்க ரொட்டிக்கும் உப்புக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஃபரீதுன் பாதி வாக்கியத்தில் நின்றான். அதிபர் எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்தால் மேலங்கி விலகும், சிவப்புத் தண்ணீரோடு கால் வெளியே வரும். அந்த ஒரு நொடித் தயக்கத்தில் ஹஸ்ரத் வாசலைத் தாண்டிவிட்டார். விருந்தாளியை வழியனுப்பக்கூட எழாத வீடு என்று அவர் முதுகே சொல்லிக்கொண்டு போனது.

அன்று மாலை எதிர்த்தரப்பு வானொலி, அதிபர் எங்கள் தூதரை வாசலைக் காட்டி அனுப்பினார் என்று அறிவித்தது. நம் வானொலி பேச்சுவார்த்தை ஒத்திவைப்பு என்றது. கணவாயில் பனி மூடியிருந்ததால் ஹஸ்ரத் பார்வையாளர்கள் வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்தார். பாதை திறந்ததும் போய்விடுவார்.

அதிபர் ஃபரீதுனைப் பிடித்துக்கொண்டார். கைதிகள் விஷயத்தை அவ்வளவு சீக்கிரம் எடுத்திருக்கக் கூடாது, பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று அவர் நினைத்தார். மறுநாள் காலை ஃபரீதுன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. முக்காலியில் பஞ்சுத் தட்டு பழையபடி உட்கார்ந்திருந்தது.

"அந்தப் பையன் என்ன பேசித் தொலைச்சான்னு அவரு எழுந்து போனாரு?" என்று கேட்டார் அதிபர்.

"தண்ணி சூடா இருக்கா?" என்றாள் சனோபர்.

"எனக்கெப்படித் தெரியும்? நீங்கதான பாக்கணும்."

சில நாள் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதை மறைக்க வேண்டியதில்லை. காலை நேரம் திரும்ப அவளுடையதாகிவிட்டது. அவர் பழையபடி வரிசையைப் பற்றிக் கேட்டார். அவளும் சொன்னாள். சமையலறையில் கஞ்சிக்கு வெண்ணெய் கூடப் போட்டுக்கொண்டாள். அதிகாரிகள் அறைப் பக்கம் போகும்போது, ஃபரீதுன் மூடிய கதவுக்கு முன்னால் கோப்புகளோடு நிற்பதைப் பார்த்தாள். ஷூவில் சேறு, முடி வாரவில்லை. அவன் வணக்கம் சொன்னான். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள். அந்த நாள் முழுக்க நடை இலகுவாக இருந்தது.

இடையில் ரொட்டி வரிசை கெட்டுப்போனது.

வரிசையில் மஸ்தூரா என்று ஒருத்தி. சந்தையில் உப்பு விற்பவள். இரண்டு மகன்கள், ஒருவன் அரசுப் படையில், ஒருவன் மலையில் எதிர்த்தரப்போடு. யார் எங்கே இருக்கிறான் என்று மறைக்காமல் சொல்வாள். "ஒருத்தன் இந்தப் பக்கம் சுட்டா இன்னொருத்தன் அந்தப் பக்கம் குனிஞ்சுக்குவான், வீட்டுலயும் அப்படித்தான் அடிச்சுக்குவானுங்க" என்று எல்லோரையும் சிரிக்கவைப்பாள். அன்று அவள் சிரிக்கவைக்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் அதிபரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரரைக் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்தினானாம், பண்ணைக்காரன் புத்தி எங்கே போகும், நாற்காலி இனித்துவிட்டது, யாருடைய பிள்ளைகள் செத்தால் என்ன என்று பேச்சு ஏறிக்கொண்டே போனது.

மஸ்தூரா எதிலும் சேரவில்லை. கடைசியில் சனோபர் பக்கம் திரும்பினாள்.

"கைதி மாத்தம்னு சொன்னாங்களே, அதுல பிடிபட்ட என் பெரியவன் பேரு இருந்துச்சுன்னு எவனோ சொன்னான். பொய்யாத்தான் இருக்கும். ஆனா ஒரு வாரம் நல்லா தூங்குனேன் தெரியுமா." பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நீ ஏன்டி மூஞ்சிய அப்படி வெச்சிருக்க? உனக்கென்ன, பிள்ளையா குட்டியா."

சனோபர் ரொட்டி வாங்காமல் வரிசையிலிருந்து விலகினாள். அவள் இடத்துக்குப் பின்னாலிருந்தவள் உடனே முன்னால் நகர்ந்துகொண்டாள்.

அவள் அழவில்லை. இளகும் ஆள் அல்ல. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் தப்பான ஊசி போட்டுவிட்டால், தெரிந்த அந்த நிமிஷமே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அழுதுகொண்டிருந்தால் நோயாளி போய்விடுவான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இவ்வளவு நாள் ஏன் தள்ளிப்போட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும். சொன்னால் அந்த முக்காலிக்கு அவன் திரும்பி வருவான். ஒருவேளை அவள் போக வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை, கால் தொட்டியில் இருக்கும்போதே சொன்னாள்.

"ரைஸ், அவரை எழுப்பி அனுப்புனது ஆலோசகரோட பேச்சு இல்ல. கோப்பை. விளிம்பு வரைக்கும் ஊத்துனது நான். அவனுக்கு ஊத்துனேன். அவன் பாக்காம பெரியவருக்குக் குடுத்துட்டான்."

அதிபர் தொட்டியிலிருந்து காலை எடுத்து விளிம்பில் வைத்தார்.

"அவனுக்கு எதுக்கு ஊத்துனீங்க?"

"போகட்டும்னு."

"எங்க போகட்டும்னு?"

அவள் முக்காலியைப் பார்த்தாள். அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். பண்ணை நடத்தியவர், யாருக்கு எந்த இடம் என்று மனிதர்கள் அடித்துக்கொள்வதை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. அக்கா என்றும் சொல்லவில்லை.

"நீங்களே போய் அவர்கிட்ட சொல்லுங்க" என்றார். "ஃபரீதுனையும் கூட்டிட்டுப் போங்க. எனக்காகப் பேச வேணாம். உங்க கோப்பைய நீங்க எடுங்க."

காரில் பின் இருக்கையின் இரண்டு ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் தேநீர்ச் சாமான் கூடை. ஊரைத் தாண்டியதும் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள், அதுவும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, உமக்கு நம் பழக்கம் ஒன்றும் தெரியாதென்று நினைத்தேன் என்று.

"தினமும் எனக்கு முழுக் கோப்பைதான் ஊத்துனீங்க" என்றான் ஃபரீதுன். "எங்க அம்மாவும் வேண்டாத சொந்தக்காரங்களுக்கு அப்படித்தான் ஊத்துவாங்க. தெரியாமயா குடிச்சேன்?"

"அப்புறம் ஏன் எழுந்து போகல?"

"எனக்குத் தாகம் ஜாஸ்தி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு ஹஸ்ரத் போனப்பவே கோப்பைதான்னு புரிஞ்சுது" என்றான். "தரையில இருந்த கோப்பையப் பாத்தேன், நீங்க எனக்கு ஊத்துன அதே கோப்பை, அடியில வண்டல் மட்டும் இருந்துச்சு."

"அப்ப ஏன் அவருகிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னைக்கே மூட்டை கட்டியிருப்பேன்."

அவன் பேனாவை எடுத்தான், முழங்காலில் தட்டவில்லை, திரும்பப் பைக்குள் வைத்தான்.

"யாரு நம்புவா? நீங்க அக்கா. நான் சம்பளத்துக்கு வந்தவன். எவ்வளவோ நாளா பக்கத்துல உட்காந்து பேசறேன், ஒரு தடவையாவது தம்பின்னு கூப்பிடுவாருன்னு பாத்தேன். நான் பேசி முடிச்சு வெளிய போனதும், உங்ககிட்ட ஏதோ கேட்பாரு. என்ன கேட்பாருன்னு கதவுக்கு வெளிய நின்னு காதைக் குடுத்துருக்கேன், ஒண்ணும் புரியாது, தெரியுமா?"

அவர் அவளிடம் கேட்டது காலுறை எங்கே என்றுதான். அதை அவனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பொறாமைப்படுகிற ஒருவன் இருக்கிறான் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஹஸ்ரத் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சனோபர் முதலில் பார்த்தது அவர் கணுக்கால்களைத்தான். வீங்கியிருந்தன, காலுறையின் வரி ஆழமாகப் பதிந்திருந்தது. இதயமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு நேராக, உட்காராமலேயே, நடந்ததைச் சொன்னாள். கோப்பை அவருக்கு ஊற்றப்பட்டதல்ல, இவனுக்கு ஊற்றப்பட்டது, காரணம் அவள் வயிற்றெரிச்சல், அதிபருக்கு அதில் பங்கில்லை.

ஹஸ்ரத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாங்க மலையில, நீங்க ஊர்ல. நமக்குள்ள மட்டும்தான் சண்டைன்னு நினைச்சேன்" என்றார். "உங்க வீட்டுக்குள்ளயும் ஒரு போர்முனை இருக்கு போல." பிறகு குரல் மாறியது. "கோப்பைய விடு. ஒரு பொம்பளைக்கு எரிச்சல் வந்தா கோப்பை நிறையும். உன் எஜமான் ஏன் எழுந்திருக்கல? நான் வரும்போதும் எழல, போகும்போதும் எழல. அதுக்கு யாரு மேல வயிற்றெரிச்சல்?"

ஃபரீதுன் முந்திக்கொண்டான். அதிபருக்கு அன்று முதுகு வலி என்று ஆரம்பித்தான். நாகரிகமாக, அழகாகச் சொன்னான். ஹஸ்ரத்தின் முகம் மூடிக்கொண்டே போனதைச் சனோபர் பார்த்தாள். அவர் நம்பவில்லை. நம்பும்படி இல்லை.

"கால் தொட்டியில இருந்தது" என்றாள் அவள்.

ஃபரீதுன் அவள் பக்கம் திரும்பினான். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னான். கதவுக்குள் இத்தனை காலம் பூட்டிவைத்திருந்த செய்தி. எதிர்த்தரப்பு வானொலி அதை வைத்து ஒரு வருஷம் பிழைக்கும்.

"உள்ளங்கால்ல ஆறாத புண்ணு" என்று அவள் தொடர்ந்தாள். "சர்க்கரை. தினம் காலையில நான்தான் கழுவிக் கட்டறேன். நீங்க வந்தப்ப கட்டு அவுத்திருந்துச்சு. எழுந்திருந்தா உங்க முன்னாடி கம்பளமெல்லாம் ரத்தமும் சீழுமா இருந்திருக்கும். விருந்தாளி முன்னாடி அப்படி நிக்க வெட்கப்பட்டாரு. அவ்வளவுதான்."

ஹஸ்ரத் தன் கணுக்காலை ஒருமுறை தடவிக்கொண்டார். அது அவருக்கே தெரியாமல் நடந்தது.

"காலை எடுக்கணுமா?"

"நான் இருக்கிற வரைக்கும் வேணாம்."

"அவன் சுகமா உக்காந்துகிட்டு எங்க பிள்ளைங்களைச் சாகடிக்கிறான்னு எங்க ஆளுங்க சொல்றாங்க" என்றார் ஹஸ்ரத். தேநீர்க் கூடையைக் கையால் காட்டினார். "சரி. உக்காரு. ஊத்து."

அவள் ஊற்றினாள். கோப்பையின் அடியை மூடும் அளவுக்கு. அவர் குடித்துவிட்டு நீட்டினார். மறுபடி ஊற்றினாள். தேநீர்ப் பானை காலியாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஃபரீதுன் கைதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தான். இந்தமுறை யாரும் எழுந்து போகவில்லை. கால் புண் செய்தி எந்த வானொலியிலும் வரவும் இல்லை.

கைதிகள் வந்தார்கள். எல்லோரும் அல்ல. மஸ்தூராவின் பெரியவன் வந்தான், மெலிந்து, காது ஒன்று கேட்காமல். வரிசையில் அவள், "பரவால்ல, முன்னாடியும் நான் சொன்னத கேக்கமாட்டான்" என்றாள்.

பிறகு ஒப்பந்தக் கையெழுத்து. வெளிநாட்டு நகரத்தில், இரு தரப்புக்கும் சம அளவு ஆட்கள், ஒருவர் கூடவும் கூடாது. அதிபரோடு போகிறவர்களில் ஒரு இடம்தான் மிச்சம். ஆலோசகன் இல்லாமல் பேச்சு நடக்காது. நர்ஸ் இல்லாமல் கால் நிற்காது. அதிபர் யோசிக்கவே இல்லை.

"நீங்க அவனுக்குக் கட்டுப் போடக் கத்துக்குடுத்துடுங்க" என்றார் சனோபரிடம். நடந்ததற்குப் பிறகு அவர் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை, அனுப்பவும் இல்லை. பெயர் சொல்லாமல் பேசினார். அவள் கால் கழுவினாள், அவர் வரிசையைப் பற்றிக் கேட்கவில்லை. தண்டனை என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

அவள் கற்றுக்கொடுத்தாள். அரைகுறையாகக் கற்றுக்கொடுக்க ஆசை வந்தது. ஒரு படியை விட்டுவிட்டால் அவன் திணறுவான், அவர் அங்கிருந்து அவளை நினைப்பார். ஆனால் விட்டுவிட்டால் புண் சீழ் பிடிக்கும், புண்ணுக்கு யாருடைய பொறாமையும் தெரியாது. அதனால் முழுக்கக் கற்றுக்கொடுத்தாள். முழங்கையால் சூடு பார்க்கச் சொன்னாள். அவன் கையால் பார்த்தபோது கையைத் தட்டிவிட்டாள். செத்த தோல் எது, உயிருள்ள தோல் எது என்று காட்டினாள். வாடை வந்தால் என்ன அர்த்தம், வராவிட்டால் என்ன அர்த்தம் என்று சொன்னாள். அவன் ஒருமுறை குமட்டினான். வெளியே போய்விட்டு வந்து மறுபடி மண்டியிட்டான். மறுநாள் குமட்டவில்லை. சீக்கிரமே கற்றுக்கொண்டான். அந்தச் சுத்தமான நகங்களுக்கு நுணுக்கம் வரும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கை குலுக்கலை ரொட்டிக் கடைத் தொலைக்காட்சியில் வரிசையே நின்று பார்த்தது. சிலர் அழுதார்கள். ஒருத்தி திரையைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு, ரொட்டி வாங்காமல் போனாள். அவள் வாசலில் வந்து நிற்க யாரும் இல்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை. மஸ்தூரா திரும்பி, ரொட்டி எப்போது வரும் என்று கேட்டாள். சனோபர் அதிபரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நடப்பதைப் பார்த்தாள். நொண்டவில்லை. பக்கத்தில் ஃபரீதுன், ஒரு அடி பின்னால், அவருடைய இடது பக்கம். அவள் நிற்க வேண்டிய பக்கம் அது.

அவர்கள் திரும்பிவந்த மறுநாள் காலை, வெந்நீரோடு அவள் உள்ளே போனாள். ஃபரீதுன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் தொட்டியில் ஊற்றியதும் அதிபர் கட்டுப் போட்ட காலை அதன் விளிம்பில் வைத்தார்.

"வரிசையில என்ன சொல்றாங்க, அக்கா?"

அவள் சொன்னாள். அழுதவர்களையும் சொன்னாள், துப்பியவளையும் சொன்னாள். அவர் துப்பியவளைப் பற்றி இரண்டுமுறை கேட்டார். ஃபரீதுன், எங்கள் பசங்களும் அதையேதான் சொன்னார்கள் என்று குறுக்கே புகுந்தான். அதிபர் அவனைப் பேசவிடவில்லை, அவளிடமே கேட்டார். பிறகு கட்டைக் காட்டிச் சொன்னார்:

"பையன் நல்லா கட்டறான். வலிக்கவே இல்ல."

"அந்தக் கால்ல உங்களுக்கு எதுவும் வலிக்காது, ரைஸ்" என்றாள் சனோபர்.

அதிபர் சிரித்தார். தொட்டித் தண்ணீர் தளும்பியது. ஃபரீதுன் சிரிக்கவில்லை.

அவள் கட்டை ஆராய்ந்தாள். சுற்று ஒன்றுக்கொன்று சரியாக மடிந்திருந்தது, இறுக்கமும் இல்லை தளர்வும் இல்லை, முடிச்சு புண்ணின்மேல் வராமல் பக்கவாட்டில் இருந்தது. கட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாக, போனபோது இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, முதலிலிருந்து தானே கட்டினாள்.